பேட்டரி ட்ரில்லில் தேய்ந்த கியரை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பொங்கோல்வாசி:

வணக்கம். என்னிடம் நான்கு வருடமாக ஒரு 18 வோல்ட் பேட்டரி ட்ரில் இருக்கிறது. போன மாதம் சாமி அலமாரி மாட்டுவதற்குச் சுவரில் ஆறு துளை போட வேண்டியிருந்தது. சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கான்கிரீட் சுவர் எப்படி என்று உங்களுக்கே தெரியும், நான்கு துளை எப்படியோ இறங்கிவிட்டது, ஐந்தாவது கொஞ்சம் உள்ளே போனதும் கல்லைப் போல் நின்றுகொண்டது. மணி நாலரை. ஐந்துக்கு மேல் சுவரைக் குடைந்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார், அவர் மேல் தப்பும் இல்லை. அந்த அவசரத்தில் முதுகில் இருக்கும் வேகக் குமிழை 1-க்கும் 2-க்கும் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே அழுத்தினேன்.

அன்றிலிருந்து 1-ல் வைத்து அழுத்தினால் மோட்டார் சுற்றுகிறது, பிட்டைப் பிடிக்கும் சக் மட்டும் கடகடவென்று குதித்துவிட்டு நின்றுவிடுகிறது. 2-ல் வைத்தால் மரத்தில் ஒழுங்காகப் போகிறது. ஒரு கடைக்குக் கொண்டுபோனேன், திறந்துகூடப் பார்க்காமல் "கியர் போச்சு, 60 வெள்ளி ஆகும், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். பேட்டரி இரண்டும் நன்றாக இருக்கிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை. கியர் மட்டும் தனியாகக் கிடைக்குமா? என்ன கிரீஸ் போடுவது? இதற்கு முன் நான் கழற்றிய மெஷின் என்று பார்த்தால் ஒரு மிக்ஸி, அதைத் திரும்ப மாட்டியது வேறு ஒருவர்.

கப்பல்பட்டறை:

தம்பி, எதையும் ஆர்டர் போடாதீர்கள். முதலில் சக்குக்குப் பின்னால் நம்பர் போட்ட வளையம் இருக்கிறதே, அது ட்ரில் படத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 3, 4 என்று சின்ன நம்பரில் இருந்தால், பளு கூடியதும் பிடியை விட்டுவிடும் கிளட்ச் வேண்டுமென்றேதான் நழுவும், அந்தச் சத்தத்தைக் கேட்டு கியர் போய்விட்டது என்று நல்ல மெஷினைத் தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அது சரியாக இருந்தால், உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. 1-ல் மட்டும் நழுவுகிறது, 2-ல் இல்லை. இந்த மாதிரி ட்ரில்லில் பெரும்பாலும் மூன்று அடுக்கு இருக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் நடுவில் ஒரு சின்னப் பல்சக்கரம், அதைச் சுற்றி மூன்று நான்கு சக்கரம், எல்லாவற்றையும் சூழ்ந்து உள்பக்கம் பல் வெட்டிய ஒரு வளையம். குமிழைத் தள்ளும்போது நடு அடுக்கின் வளையம்தான் முன்னும் பின்னும் நகர்கிறது. 1-ல் அது கூட்டோடு பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும், அதனால் அந்த அடுக்கு வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும். 2-ல் கூட்டை விட்டுவிட்டு மொத்த அடுக்கும் ஒரே கட்டியாகச் சுழலும். முதல் அடுக்கோ கடைசி அடுக்கோ போயிருந்தால் இரண்டு வேகத்திலும் தகராறு செய்திருக்கும். உங்களுடையது நடு அடுக்கு. ஓடும்போது குமிழைத் தள்ளியதாக வேறு சொல்கிறீர்கள், பல்லுக்கு முன்னால், கூட்டின் பள்ளத்தில் பூட்டிக்கொள்ளும் அந்த வளையத்தின் வெளிப்பக்கக் காதுகளைப் பாருங்கள்.

தேக்காவாசி:

அண்ணன் சொன்ன மாதிரி திறந்து பாருங்கள், பயப்பட ஒன்றும் இல்லை. நான் செய்த முட்டாள்தனத்தை மட்டும் செய்யாதீர்கள். சக்கைக் கழற்றினால்தான் உள்ளே போக முடியும் என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். வாயை முழுசாகத் திறந்தால் அடியில் ஒரு திருகு தெரியும், அது இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் வழக்கம்போல் இடப்பக்கம் முறுக்கி முறுக்கித் தலையை மழித்துவிட்டேன். சக்கோ சாதாரண மரை. எல் வடிவப் பெரிய ஆலன் கீயை வாயில் கடிக்க வைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் கையை இடப்பக்கமாகச் சுத்தியலால் ஒரே தட்டுத் தட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான், கியர்ப்பெட்டியைப் பின்பக்கம் மோட்டாரிலிருந்து பிரித்தாலே சக்கரமெல்லாம் கையில் வந்துவிடும், முன்பக்கத்தைத் தொடவே வேண்டியதில்லை என்று புரிந்தது.

அதனால் பேட்டரியை எடுத்துவிட்டு உடம்பைப் பிளந்து (என்னுடையதில் டி10 டார்க்ஸ், நட்சத்திரத் தலைத் திருகு), கியர்ப்பெட்டியையும் மோட்டாரையும் ஸ்விட்ச் ஒயரோடு சேர்த்தே தூக்குங்கள். தூக்குவதற்கு முன் போட்டோ எடுங்கள், தூக்கிய பிறகும் எடுங்கள், வேகக் குமிழில் மாட்டியிருக்கும் வளைந்த கம்பி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் எடுங்கள். ஒரு தட்டில் துணி விரித்துக்கொண்டு உட்காருங்கள். கிளட்ச் பக்கம் கைவைத்தால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய எஃகு உருண்டைகள் தெறிக்கும், என்னுடைய ஒன்று இன்றுவரை ஃபிரிட்ஜுக்கு அடியில்தான் இருக்கிறது.

துவாஸ்அக்கா:

ஒரே ஒரு சக்கரம் மட்டும் வாங்க நினைத்தால் அளவு எடுக்கத் தெரிய வேண்டும், படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்கினால் பணம் போகும். பல்லை எண்ணுங்கள், வெளிவிட்டத்தைக் காலிப்பரில் அளந்து, அதைப் பல் எண்ணிக்கையோடு 2-ஐக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் அளவு வரும். 18 பல், 12 மி.மீ. என்றால் 12-ஐ 20-ஆல் வகுக்க 0.6. மாட்யூல் ஒன்றாக இருந்தால்தான் பல்லோடு பல் உட்காரும். சரியாக எண்ணினோமா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. நடுச்சக்கரத்துக்கு 12, சுற்றுச்சக்கரத்துக்கு 18 என்றால் வளையத்தில் 12 + 18 + 18, அதாவது 48 இருக்க வேண்டும். சில பெட்டிகளில் ஒன்று முன்னே பின்னே வரும், அதற்குமேல் வித்தியாசம் வந்தால் திரும்ப எண்ணுங்கள்.

மூன்று சுற்றுச்சக்கரத்தில் ஒன்று போனாலும் மூன்றையும் மாற்றுங்கள். மோட்டார் முனையில் இருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள், பல் கத்திமுனை மாதிரி கூராகியிருந்தால் அது புதுச் சக்கரத்தையும் தின்றுவிடும். பினியனைத் தட்டிக் கழற்ற வேண்டாம், சின்ன இழுவான் வாங்கி இழுங்கள், தட்டினால் மோட்டார் தண்டு வளையும்.

கிரீஸுக்கு வெள்ளை லித்தியம் போதும். பழையதைப் பல்துலக்கும் பிரஷால் வழித்துவிட்டு, பல்லில் மெல்லிசாகப் பூசுங்கள். தோசைமாவு மாதிரி நிரப்பாதீர்கள், சூட்டில் இளகி மோட்டாருக்குள் போகும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே கிரீஸ் இல்லை, இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும்.

உட்லண்ட்ஸ்கார்த்தி:

எல்லோரும் அழகாகச் சொல்கிறீர்கள், ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த வேலை கணக்குக்குக் கட்டுப்படியாகாது. பேட்டரி நன்றாக இருந்தால் பேட்டரி இல்லாமல் உடம்பு மட்டும் விற்கிறார்கள், அதை வாங்கிவிட்டுப் போகலாம். இன்னொன்று, ரிப்பேர் செய்து அதே கான்கிரீட்டில் திரும்பக் குத்தினால் திரும்பப் போகும். சாதாரண ஹேமர் ட்ரில் உள்ளே பல் வெட்டிய இரண்டு தட்டு உரசித்தான் அதிரும், நம் தோள்பலம்தான் வேலை செய்கிறது. கான்கிரீட்டுக்கென்றே இருக்கும் எஸ்டிஎஸ் மெஷினில் பிஸ்டன் அடிக்கிறது, பெரிதாக அழுத்த வேண்டாம். ஒரு நாளைக்கு யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

கப்பல்பட்டறை:

கார்த்தி சொல்வதில் எஸ்டிஎஸ் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. கட்டுப்படியாகாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன், திறந்து பார்க்கக் காசா பணமா? பழைய சாமான் விற்ற சுங்கை ரோடு சந்தை இருந்த காலத்தில் பத்து வெள்ளிக்கு ஒரு செத்த மெஷினை வாங்கிப் பாகம் உருவிக்கொள்வோம், 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். இப்போது பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் அதே மாடல் தேடுங்கள், மோட்டார் எரிந்தது சும்மா மாதிரிக் கிடைக்கும். தனியாகத் திறக்கத் தயக்கம் என்றால் ரிப்பேர் கோப்பித்தியாம் நடக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், 2014-லிருந்து நடத்துகிறார்கள், தொண்டூழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையாலேயே செய்ய வைப்பார்கள்.

பொங்கோல்வாசி:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். திறந்தேன். அண்ணே, வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். பல்லெல்லாம் புதிது மாதிரி இருக்கிறது. நடு வளையத்தின் வெளிப்பக்கம் ஆறு காது, சதுரமாக இருக்க வேண்டியவை, நான்கு காது கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று ஒரு பக்கம் சரிந்திருந்தன. கூட்டின் பள்ளத்தில் பிடிக்காமல் ஏறிக் குதித்ததுதான் அந்தக் கடகட. நல்லவேளை, கூட்டுப் பக்கப் பள்ளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேரோசலில் அதே மாடல் 12 வெள்ளிக்கு ஈசூனில் கிடைத்தது, மோட்டார் எரிந்தது. அக்கா சொன்னபடி இரண்டு வளையத்தையும் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணினேன், மூன்று தடவை எண்ணி மூன்று எண்ணிக்கை வந்தது, கடைசியில் மார்க்கரால் ஒரு பல்லில் மை வைத்துவிட்டு எண்ணியபோதுதான் சரியாக வந்தது. வளையத்தை மாற்றி மூடினேன், 1-ல் வைத்து அழுத்தினால் 2 ஓடியது. கம்பியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். திரும்பத் திறந்து போட்டோவைப் பார்த்து மாட்டினேன். இப்போது 1-ல் கதவுச் சட்டத்தில் 25 மி.மீ. பிட்டைக் கொடுத்தும் நழுவவில்லை. மிச்சம் இரண்டு துளைக்கு மாமனாரிடம் எஸ்டிஎஸ் இரவல் வாங்கினேன், ஒன்றுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை, வெட்கமாக இருந்தது.

அந்த 12 வெள்ளி ட்ரில்லின் சக் மிச்சம் இருக்கிறது, 13 மி.மீ., அரை அங்குல மரை, பிடி நன்றாகவே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா? பொங்கோல் எம்ஆர்டியில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

தேக்காவாசி:

எனக்கு வேண்டும். நான் மழித்த திருகுக்குப் பதிலாக அதன் திருகையும் சேர்த்துத் தருவீர்களா?