டிரேஸ் ஆராயும் ஏஜென்டுக்கு எழுதிய வழிமுறைகள்: சோதித்துப் பார்த்தவர்களின் அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

இரவுக்காவல்

பல சேவைகளைக் கடந்துபோகும் கோரிக்கையின் டிரேஸை, அதாவது அதன் வழிப்பதிவைப் படித்து, தாமதமோ பிழையோ எங்கே தொடங்கியது என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் எங்கள் குழுவுக்கும் வந்துவிட்டது. அதற்கென்று ஒரு வழிமுறைக் கோப்பு. எந்தக் கருவியை முதலில் அழைப்பது, எதைத் தேடுவது, அறிக்கையை எப்படி எழுதுவது என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. படித்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அது வேலைக்கு ஆகிறதா என்று பார்க்கும் பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்தது.

முதலில், கோப்பே இல்லாமல் அதே கேள்விகளை ஏஜென்டிடம் கொடுத்தேன். இந்த ஒப்பீடு இல்லாமல் மதிப்பெண் போடுவதில் அர்த்தமே இல்லை என்பது என் கட்சி. ஒரு சேவை 500 என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பியனுப்புகிறது, அதை அழைத்தவை எல்லாம் சிவப்பாக நிற்கின்றன என்றால், கோப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுகிறது. அந்தப் பெருமையை வழிமுறையின் கணக்கில் எழுதக் கூடாது.

வித்தியாசம் தெரிந்தது வேறோர் இடத்தில். டிரேஸில் ஒவ்வொரு வேலையின் நேரத்தையும் குறிக்கும் பதிவுதான் ஸ்பேன். ஒரு தாய் ஸ்பேன் 900 மில்லிசெகண்ட். அதன் கீழே மூன்று அழைப்புகள் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன: 400, 380, 850. கோப்பு இல்லாத ஏஜென்ட் மூன்றையும் கூட்டி 1,630 என்று எழுதியது. பிள்ளைகளின் கூட்டுத்தொகை தாயைத் தாண்டிவிட்டதே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லை. 400 மில்லிசெகண்ட் அழைப்பைச் சரிசெய்தால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நேரம் மிச்சம் என்று யோசனை வேறு. அந்த அழைப்பை அடியோடு நீக்கினாலும் 850 அப்படியேதான் நிற்கும். "நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஸ்பேன்களைக் கூட்டாதே, தாயின் முடிவைத் தள்ளிப்போடுவது எது என்று பார்" என்று கோப்பில் ஒரு வரி உண்டு. அந்த வரி இருந்தால் விடை சரியாக வருகிறது, எடுத்துவிட்டால் தடுமாறுகிறது. "நீ அனுபவம் மிக்க பொறியாளர்" என்று தொடங்கும் நீண்ட முன்னுரையை எடுத்தபோது எதுவுமே மாறவில்லை.

உங்களுக்கு எப்படி?

காலிப்பட்டியல்

எங்களுக்கு வழிமுறையே வினையாக முடிந்தது. பிழைகளைத் தேட ‘எச்டிடிபி.ஸ்டேட்டஸ்_கோட்’ என்ற புலத்தைப் பார்க்கும்படி கோப்பில் எழுதியிருந்தார்கள். டிரேஸ்களைச் சேகரிப்பதற்கான பொதுத் தரமான ஓப்பன்டெலிமெட்ரியின் எச்டிடிபி பெயர் மரபுகள் 2023 இறுதியில் நிலையான வடிவம் பெற்றபோது அது ‘எச்டிடிபி.ரெஸ்பான்ஸ்.ஸ்டேட்டஸ்_கோட்’ ஆகிவிட்டது. எங்கள் சேவைகளில் சில புதிய பெயருக்கு மாறிவிட்டன, சில மாறவில்லை. பழைய பெயரில் தேடினால் வினவல் தவறு என்று எந்தக் கருவியும் முகத்தில் அடித்தாற்போலச் சொல்வதில்லை. காலிப் பட்டியல் வருகிறது, அவ்வளவுதான். "கடந்த ஒரு மணி நேரத்தில் இந்தச் சேவையில் பிழை எதுவும் இல்லை" என்று ஏஜென்ட் நிம்மதியாக எழுதி முடித்தது.

கோப்பு இல்லாத ஓட்டத்தில் அதே ஏஜென்ட் முதலில் ஒரு ஸ்பேனை எடுத்து, என்னென்ன புலங்கள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத் தேடியது. விடை சரி! இரவுக்காவல் சொன்ன ஒப்பீட்டைச் செய்ததால்தான் இது வெளியே வந்தது.

இப்போது எங்கள் சோதனைத் தொகுப்பில் புலத்தின் பெயரை வேண்டுமென்றே மாற்றிய டிரேஸ்கள் தனியாக உண்டு. காலி விடை வந்ததும் வடிகட்டியைத் தளர்த்தி, அந்தச் சேவையிலிருந்து ஏதாவது ஒரு ஸ்பேனாவது வருகிறதா என்று ஏஜென்ட் பார்க்கிறதா? அதற்குத்தான் மதிப்பெண்.

ஓரத்துவாசி

அதே மரபில் இன்னொரு பொறி. பதில் தரும் சர்வர் பக்க ஸ்பேனில் 404, 429 போன்ற பதில் குறியீடுகள் பிழை நிலையாகக் குறிக்கப்படுவதில்லை. அழைக்கும் கிளையன்ட் பக்கத்தில் குறிக்கப்படும். "பிழை நிலையில் உள்ள ஸ்பேன்களை மட்டும் எடு" என்ற வரியை நம்பிய எங்கள் ஏஜென்ட், ஒரு பக்கம் பிழை, மறுபக்கம் நலம் என்று கண்டு, நடுவில் நெட்வொர்க் கோளாறு என்று தீர்ப்பெழுதிவிட்டது.

சோதனைச்சாலை

செயற்கையாகக் கோளாறு வைத்துச் சோதிப்பவர்கள் கவனிக்க. ஓப்பன்டெலிமெட்ரி திட்டமே ஒரு மாதிரிச் செயலியை வெளியிட்டிருக்கிறது, தொலைநோக்கி விற்கும் கற்பனைக் கடை. ஓர் அம்சக் கொடியை, அதாவது செயலியின் நடத்தையை மாற்றும் சுவிட்சைத் திருப்பினால் பணம் செலுத்தும் சேவை விழும். இன்னொன்றைத் திருப்பினால் விளம்பரச் சேவையின் சிபியு ஏறும். விடை முன்பே தெரிந்த கோளாறுகள் என்பதால் மிகவும் வசதி.

மதிப்பெண் அமோகமாக வந்தது. அதுவே உறுத்தியது. ஏஜென்ட் எந்தெந்தக் கருவியை அழைத்து எதைப் பெற்றது என்ற பதிவை வரிவரியாகப் படித்தேன். சேவை கொடியின் மதிப்பைக் கேட்கும்போது அதன் பெயரும் ஸ்பேனில் ஒரு நிகழ்வாகப் பதிவாகியிருந்தது. பெயரிலேயே ‘பேமென்ட்’, ‘ஃபெயிலியர்’ என்ற இரண்டும் இருக்கின்றன. வினாத்தாளின் பின்பக்கத்திலேயே விடையை அச்சடித்துக் கொடுத்த கதை. போதாததற்கு, பொதுவெளியில் கிடக்கும் செயலி என்பதால் மொழி மாதிரிக்கு அதன் கட்டமைப்பு ஏற்கெனவே பரிச்சயமாக இருக்கவும் கூடும். கொடி நிகழ்வுகளை நீக்கி, சேவைகளின் பெயர்களையும் மாற்றிய பிறகுதான், கோப்பு உள்ள ஓட்டத்துக்கும் இல்லாத ஓட்டத்துக்கும் இடைவெளியே தெரியத் தொடங்கியது.

ஆயிரத்திலொன்று

எங்கள் கேள்வி எளிமையானது: "ஆர்டர்களில் எத்தனை சதவீதம் தோல்வி அடைகின்றன?" ஏஜென்ட் டிரேஸ்களை எண்ணி, ஏறக்குறைய பாதி என்றது. நிஜமாகவே அப்படி இருந்தால் நிறுவனத்தையே மூடியிருப்பார்கள். நாங்கள் பிழையான டிரேஸ்களையும் மெதுவானவற்றையும் முழுதாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் சிறு பங்கை மட்டும் சேமிக்கிறோம். இப்படிச் சிலவற்றை மட்டும் சேமிக்கும் சாம்பிளிங் புதிய விஷயமல்ல. கூகுள் 2010-ல் தன் டிரேஸ் அமைப்பான டாப்பர் பற்றி வெளியிட்ட கட்டுரையிலேயே 1,024 கோரிக்கைகளுக்கு ஒன்று என்ற கணக்கு வருகிறது. ஆனால் அது எல்லாவற்றுக்கும் பொதுவான விகிதம், எங்களுடையது ஒருதலைப்பட்சமானது. சரியான விடை, "இந்த டிரேஸ்களை வைத்துச் சொல்ல முடியாது, மொத்த எண்ணிக்கைகளைத் தரும் மெட்ரிக்ஸைப் பாருங்கள்" என்பதே.

இதில் வேடிக்கை என்னவென்றால், மதிப்பெண் போடவும் ஒரு மொழி மாதிரியை வைத்திருந்தோம். அது ‘பாதி’ என்ற விடைக்கு நல்ல மதிப்பெண்ணும், ‘சொல்ல முடியாது’ என்ற விடைக்குக் குறைந்த மதிப்பெண்ணும் கொடுத்தது. எண்ணும் அட்டவணையும் இருந்தால் நீதிபதி மயங்கிவிடுகிறது. "கிடைத்த தரவு இந்த முடிவைத் தாங்குமா" என்ற கேள்வியை அதற்குத் தனியாகக் கொடுத்து, விடையின் மற்ற பகுதிகளைக் கண்ணில் காட்டாமல் மறைத்த பிறகு நிலைமை பரவாயில்லை. இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. சிலவற்றை மனிதர் படித்துத்தான் ஆக வேண்டும்.

அறுந்தநூல்

சேவைகளுக்கு நடுவில் செய்தி வரிசை உள்ளவர்களுக்கு: டிரேஸ் எண்ணைச் சுமந்துசெல்லும் ‘டிரேஸ்பேரண்ட்’ தலைப்பை வரிசை கடத்தாவிட்டால் ஒரே ஆர்டர் இரண்டு டிரேஸ்களாகப் பிரிந்துவிடும். முதல் பாதி 40 மில்லிசெகண்டில் வெற்றி. ஏஜென்ட் அதைப் பார்த்து, எல்லாம் நலம் என்றது. இரண்டாம் பாதி எங்கோ தனியாக விழுந்து கிடந்தது. "செய்தியை அனுப்பும் ஸ்பேன் இருந்து, பெறும் ஸ்பேன் இல்லையென்றால், ஆர்டர் எண்ணை வைத்து மறுபடி தேடு" என்று ஒரு வரி சேர்த்தோம். வேலை செய்கிறது, ஆனால் பக்கவிளைவோடு. நூல் அறுபடாத டிரேஸிலும் மறுதேடல் நடத்திப் பொழுதைக் கழிக்கிறது. இறுதி அறிக்கையை மட்டும் படித்தால் இது தெரியாது. கருவி அழைப்புகளையும் எண்ண வேண்டும். சோதனைக்கு, நல்ல டிரேஸின் நகலில் பெறும் பக்கத்துக்குப் புது டிரேஸ் எண் போட்டு நாங்களே அறுத்துவைக்கிறோம். அறுக்காத நகலும் பக்கத்திலேயே இருக்கும்.

இரவுக்காவல்

அறுந்தநூல், இந்த இரட்டை நகல் முறையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஸ்பேன்களில் ஆர்டர் எண் என்ற புலமே இல்லை. வழிமுறையைத் திருத்துவதற்கு முன்னால் அதைச் சேர்க்கச் சொல்லிச் சேவைக் குழுக்களிடம் போய் நிற்க வேண்டும்.