நிழலுக்குக் கறுப்பு வேண்டாம் என்று கற்றுத்தந்த ஓவியம்

அடுத்தவர் பாணியைப் பார்த்து வரைந்தால் நம் கை கெட்டுவிடும் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எனக்கு நிலக்காட்சி கைவந்ததே அப்படி வரைந்ததால்தான். அந்தத் துணிச்சலைத் தந்தவர் பிரெஞ்சு ஓவியர் பால் செசான்.

1871இல் அவருடைய நண்பரும் ஓவியருமான காமீய் பிஸ்ஸாரோ, பாரிசுக்கு மேற்கே உள்ள லூவ்சியென் ஊரை வரைந்தார். சாலையில் ஒரு பெண்ணும் குழந்தையும், பின்னால் வீடுகள். அடுத்த ஆண்டு வாக்கில் செசான் அந்த ஓவியத்தை இரவல் வாங்கிப் பார்த்து வரைந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை கறுப்பும் பழுப்புமாய் அப்பி வரைந்தவர், எட்டரை வயது மூத்த நண்பரிடம் மாணவராகப் போனார். கறுப்பை விடு, மூன்று அடிப்படை வண்ணங்களையும் அவற்றின் கலவைகளையும் வைத்தே வரை என்பதுதான் பிஸ்ஸாரோ சொன்ன பாடம். இறந்த 1906ஆம் ஆண்டிலும் சொந்த ஊரான ஏய்க்ஸில் நடந்த கண்காட்சியில் தன்னைப் பிஸ்ஸாரோவின் மாணவன் என்றே செசான் குறிப்பிட்டுக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு!

நானும் அந்தப் பாடத்திலிருந்தே தொடங்கினேன். பிஸ்ஸாரோவின் ஓவியத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். கறுப்பு டியூபைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டேன். ரெடிமேட் பச்சையும் கிடையாது. அல்ட்ராமரீன் நீலமும் அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பும் கலந்தால் அடர்ந்த கத்தரிப்பூ நிறம் வரும். அதில் கத்தி நுனியளவு மஞ்சள் சேர்த்ததும் ஊதா அடங்கி, கறுப்பிலும் சேராத, பழுப்பிலும் சேராத ஓர் இருட்டு வந்தது. அதை மரத்தடியில் வைத்தேன். நிழலுக்குள்ளும் வெளிச்சம் இருப்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கறுப்பு வைத்திருந்தால் அந்த இடம் கேன்வாஸில் ஓட்டை விழுந்த மாதிரி நின்றிருக்கும்.

பிறகு செசானின் பிரதியைப் பக்கத்தில் ஒட்டினேன். காட்சி அதேதான். ஆனால் பிஸ்ஸாரோ பொடிப்பொடியாகத் தொட்டுப்போன இலைகளை இவர் அகலமான திட்டுகளாக்கியிருக்கிறார். பார்த்து வரையும்போதே எதை விடுவது என்று முடிவுசெய்திருக்கிறார்!

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரே ஓவியத்தை இருமுறை வரைந்து பாருங்கள். முதலில் அச்சு அசலாக. அடுத்தது பெரிய ஃபிளாட் பிரஷ்ஷில் (தட்டையான நுனியுள்ள தூரிகை) மட்டும். சின்ன பிரஷ்ஷைத் தொடவே கூடாது. எதெல்லாம் இல்லாமலும் காட்சி நிற்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும்.

அடுத்து பிஸ்ஸாரோவின் லூவ்சியென் பனிக்காட்சிகளைத் தொடப்போகிறேன். யாராவது வரைந்திருந்தால், பனியில் விழும் நிழலுக்கு வெள்ளையோடு எந்த நீலம் கலந்தீர்கள் என்று சொல்லுங்கள்.