ஷவர் தரைக்கும் குளியல் தொட்டிக்கும் எந்தப் பொருள் ஏற்றது?

கேள்வி
வணக்கம். சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் பழைய வீட்டின் மாடிக் குளியலறையைப் புதுப்பிக்க இருக்கிறோம். ஷவர் பகுதியின் தரைக்குக் கடப்பா கல், கிரானைட், விட்ரிஃபைட் டைல்ஸ் ஆகிய மூன்றில் ஒன்றைப் போடவும், இடமிருந்தால் ஒரு குளியல் தொட்டி வைக்கவும் எண்ணம். எங்களுக்கு வருவது உப்புப் படியும் போர் தண்ணீர். 75 வயதான என் தாயாரும் இதே அறையைத்தான் பயன்படுத்துவார். வழுக்காமலும் கறை நீக்க எளிதாகவும் இருப்பது எது?

பதில் 1
போர் தண்ணீர் என்று சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. அந்தத் தண்ணீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடப்பா கல்லும் கோட்டா கல்லும் மார்பிளும் முக்கியமாக அதே பொருளால் ஆனவை என்பதால், படிவைக் கரைக்க ஊற்றும் ஆசிட் கல்லையும் சேர்த்தே அரித்துவிடும். எங்கள் வீட்டில் பாலிஷ் போட்ட கடப்பா கல் இரண்டே ஆண்டுகளில் வெளிறிப் போயிற்று. குற்றம் கல்லினுடையது அன்று, ஆசிட் ஊற்றிய என்னுடையது. கிரானைட் இதைத் தாங்கும். ஆனால் பளபளப்பான கிரானைட் சோப்பு நீரில் வழுக்கும் என்பதால், தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய வகையை வாங்குங்கள். கறுப்பு நிறம் வேண்டாம். உப்புக் கறை தூரத்திலிருந்தே தெரியும்.

பதில் 2
என் தெரிவு சொரசொரப்பான விட்ரிஃபைட் டைல்ஸ். அது உறிஞ்சும் நீர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. கடைக்காரர் 'ஆர்10', 'ஆர்11' என்று காட்டுவது காலணியோடு நடந்து வழுக்கலைப் பார்க்கும் சோதனையின் அளவு. குளிப்பவர் வெறுங்காலோடுதானே நிற்கிறார்? வெறுங்காலுக்கென ஏ, பி, சி என்று, பிடிப்பு கூடும் வரிசையில், தனி வகுப்புகள் உண்டு. ஷவர் தரைக்குக் குறைந்தது பி வகுப்பைக் கேளுங்கள். பெரிய டைல்ஸைவிடச் சிறியவற்றில் வடிகாலை நோக்கி வாட்டம் கொடுப்பதும் எளிது, இணைப்புகள் கூடுவதால் காலுக்குப் பிடிப்பும் அதிகம்.

பதில் 3
தொட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டி பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அதன் எடையே நூறு கிலோவைத் தாண்டும், அதன்மேல் 200 லிட்டர் தண்ணீர் என்றால் இன்னொரு 200 கிலோ. பழைய மாடித் தளம் என்பதால் பொறியாளரைக் கேட்காமல் இறங்காதீர்கள். கனமான பொருள் விழுந்து எனாமல் பெயர்ந்தால் அந்த இடத்தில் துரு ஏறும். அக்ரிலிக் இலேசானது, தொட்டால் சில்லிடாது, சிறு கீறல்களை மெருகேற்றி மறைத்துவிடலாம். சொரசொரப்பான தேய்ப்பானும் நகப்பூச்சு நீக்கியும் அதற்கு ஆகாது. எப்பொருளானாலும் அதன் விளிம்பை உங்கள் தாயார் காலைத் தூக்கித் தாண்டவேண்டும்.

கேட்டவர்
நன்றி. தொட்டியைக் கைவிட்டோம். சிறிய டைல்ஸ் என்றால் இணைப்புகள் கூடுமே, அங்கே ஆசிட் பட்டால்?

பதில் 2
இணைப்புகளை நிரப்பும் கலவையான கிரவுட் சிமென்டில் செய்ததாக இருந்தால் ஆசிட் அதை அரிக்கும். அரிபடாத எபாக்சி (ஒரு வகைப் பிசின்) கிரவுட் போடச் சொல்லுங்கள். விலை கூடுதல், விரைவில் இறுகிவிடும், ஆகவே அதில் கை பழகிய மேஸ்திரியிடமே வேலையைக் கொடுங்கள்.