தஞ்சாவூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட் 45 நிமிடமாம்!

குடமுருட்டி:
நேற்றிலிருந்து ஒரு பதிவு எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறது. சாரம் இதுதான்: "தஞ்சாவூருக்கு விமானம் கேட்பது வெட்டிப் பெருமை. 45 நிமிடத்தில் திருச்சி ஏர்போர்ட் இருக்கிறது. உடான் என்று சின்ன ஊர்களுக்குக் கொட்டியதெல்லாம் தண்டம்." உடான், அதாவது சின்ன ஊர் விமானங்களுக்கு அரசு மானியம் தரும் திட்டம், தண்டமா இல்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம். அந்த 45 நிமிடம் எங்கிருந்து வந்தது? ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் போனாரா? பெரிய கோயில் பக்கம் கிளம்பி, வல்லம், செங்கிப்பட்டி தாண்டி, டோலில் நின்று, துவாக்குடியில் மூச்சு வாங்கி, திருவெறும்பூர், அரியமங்கலம் என்று ஊர்ந்து, ஜி கார்னர் சுற்றிப் புதுக்கோட்டை ரோட்டைப் பிடித்துப் பார்த்தவர் இதை எழுதமாட்டார்.

மலைக்கோட்டை மணி:
அண்ணன் இன்னும் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கிறார் போல. துவாக்குடியில் அரைவட்டச் சாலையில் ஏறினால் மாத்தூர். அங்கே வலது பக்கம் திரும்பினால் ஏர்போர்ட். அரியமங்கலம் முகத்திலேயே விழிக்க வேண்டாம். நான் 50 நிமிடத்தில் போயிருக்கிறேன்.

குடமுருட்டி:
45 என்றீர்கள், இப்போது 50. இன்னும் நாலு பதில் போட்டால் ஒன்றரை மணி நேரத்துக்கு வந்துவிடுவீர்கள்.

மலைக்கோட்டை மணி:
45 நான் சொன்னதில்லை, அந்தப் பதிவர் சொன்னது. சரி, ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் பிரதமர் வந்து திறந்து வைத்த புது முனையம் அங்கே இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா எல்லாவற்றுக்கும் விமானம் உண்டு. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆட்கள் எல்லாரும் இங்கேதான் வந்து ஏறுகிறார்கள். தஞ்சாவூரில் ஏடிஆர் என்று ஒரு சின்ன விமானம் வந்து நின்றால் அதில் யார் ஏறுவார்கள்?

கணக்குப்பிள்ளை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2023ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கையை யாராவது பார்த்தீர்களா? உடான் மூன்றாம் சுற்று வரை கொடுத்த 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371ல் மூன்று வருட மானியக் காலத்தை முழுதாக ஓட்டியது 112தான். அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் தாக்குப்பிடித்தது 54. மானியம் நின்றதும் விமானமும் நிற்கிறது. நெய்வேலி பெயர் முதல் சுற்றிலேயே வந்ததே, எவன் பறந்தான்? சேலத்தில் 2018ல் வந்தது 2021ல் நின்று, 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. விமானக் கம்பெனிக்குப் போகும் மானியத்தில் மாநிலத்தின் பங்கு 20 சதவீதம். அது போக போலீஸ், தீயணைப்பு இலவசம், கரண்டும் தண்ணீரும் சலுகை விலை. எல்லாம் நம் காசு.

குடமுருட்டி:
பிள்ளைவாள், அருமை. இந்த அறிக்கையில் தஞ்சாவூர் – திருச்சி எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதா?

கும்பகோணம் டிகிரி:
இரண்டு பேருக்கும் தஞ்சாவூரோடு டெல்டா முடிந்துவிடுகிறது. கும்பகோணத்திலிருந்து திருச்சி ஏர்போர்ட் சுமார் நூறு கிலோமீட்டர். மகாமகத்துக்கு வரும் கூட்டத்துக்கும் நவக்கிரகக் கோயில் சுற்றும் கூட்டத்துக்கும் ஏர்போர்ட் யாருக்கு வேண்டும் என்று கொஞ்சம் யோசியுங்கள். தஞ்சாவூர்க்காரனுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, பூட்டி வைத்திருக்கிறான்.

குடமுருட்டி:
பூட்டி வைத்தது நாங்கள் இல்லை சார். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம். 2013ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி வந்து விமானப்படைத் தளமாகத் திறந்தார். 2020 ஜனவரியில் சுகோய் 30 போர் விமானப் படைப்பிரிவே வந்து உட்கார்ந்தது, பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கிற பிரிவு. சுகோய் இறங்கும் ஓடுதளத்தில் எழுபது பேர் ஏறும் ஏடிஆர் இறங்காதா? புதிதாக ஓடுதளம் போட வேண்டாம். ஒரு சின்ன முனையம், பார்க்கிங், புதுக்கோட்டை ரோட்டிலிருந்து ஒரு பாதை, அவ்வளவுதான். புனேயிலும் பாக்டோக்ராவிலும் விமானப்படைத் தளத்தில்தானே பயணிகள் ஏறி இறங்குகிறார்கள்?

மலைக்கோட்டை மணி:
புனேயும் தஞ்சாவூரும் ஒன்றா? கர்நாடகத்துப் பீதரைச் சொல்லுங்கள். அதுவும் விமானப்படைத் தளம், அதுவும் உடான். 2020ல் தொடங்கி நடுவில் நின்றுபோனது. தஞ்சாவூருக்கே முன்னொரு காலத்தில் வாயுதூத் கம்பெனி விமானம் வந்தது, மறந்துவிட்டதா? டோர்னியர், 19 சீட்டு. அதையே நிரப்ப ஆள் இல்லாமல் நிறுத்தினான்.

குடமுருட்டி:
வாயுதூத்தே நின்றுபோனது ஐயா! அந்தக் கம்பெனி 1981ல் பிறந்து, 90களில் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது. தஞ்சாவூர் ஆள் வராததாலா அது கரைந்தது? நாடு முழுக்க நஷ்டம். வாயுதூத்தை விடுங்கள், 45க்கு வாருங்கள்.

காற்றுப்பை:
வேறொரு மாநிலத்தில் ஒரு சின்ன விமான நிலையத்தில் பராமரிப்பில் வேலை பார்த்தவன் நான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம் என்றாலும் வேலை அதேதான். விடியற்காலை ஜீப்பில் ஓடுதளம் முழுக்கப் போய்க் கல், ஆணி, கம்பித்துண்டு பொறுக்க வேண்டும். இறங்குகிற நேரத்தில் தீயணைப்பு வண்டி ஆட்களோடு தயாராக நிற்க வேண்டும், விமானம் தாமதமானால் அவர்களும் அங்கேயே. ஓரத்துப் புல் வளர்ந்தால் பூச்சி வரும், பூச்சிக்கு ஆட்காட்டிக் குருவி வரும், அது என்ஜினுக்குள் போகும். டெல்டாவில் இன்னும் மோசம். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது கொக்கும் நாரையும் கூட்டம் கூட்டமாக மேயும். ஐப்பசி மழையில் ஓடுதள விளக்குக் குழிகளில் தண்ணீர் புகுந்தால் இரவெல்லாம் இறைக்க வேண்டும். தஞ்சாவூரில் இதில் பெரும்பகுதியை விமானப்படை ஏற்கெனவே செய்கிறது. அதனால் அங்கே பிரச்சினை பராமரிப்பு இல்லை, அவர்கள் ஒதுக்கும் நேரம்தான். பயிற்சிக்கு ஓடுதளம் வேண்டுமென்றால் பயணி விமானம் காத்திருக்கும்.

கும்பகோணம் டிகிரி:
பெயர் என்ன வைப்பீர்கள்? ராஜராஜன் என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன், கும்பகோணம் ஒத்துக்கொள்ளாது. கல்லணை கட்டிய கரிகாலன் இருக்கிறான்.

வெள்ளாற்றான்:
விமானமே வரவில்லை, பெயருக்கு அடிதடி. பழங்குடி ஊர்களையும் கிராமங்களையும் எப்படி இணைக்கிறார்கள் என்று பாருங்கள். ஒடிசாவில் கோராபுட் பக்கம் ஜெய்ப்பூருக்கு ஒன்பது சீட்டு செஸ்னா பறக்கிறது. சத்தீஸ்கரில் பஸ்தாருக்கு ஜெகதல்பூர். அலாஸ்காவில் பழங்குடி கிராமங்கள் பலவற்றுக்கு ரோடே கிடையாது. சரளைக்கல் ஓடுதளங்களும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட கிராமத்து விமான நிலையங்களை அந்த மாநில அரசே நடத்துகிறது. தபாலும் மளிகையும் அதில்தான் வரும். அமெரிக்காவில் 1978லிருந்து சின்ன ஊர் விமானத்துக்கு மானியம் தருகிறார்கள். நம் ஊரில் 2017லிருந்து கொடுத்ததற்கே வயிறு எரிகிறது.

கணக்குப்பிள்ளை:
அந்த அமெரிக்க மானியத்தின் விதியையும் படித்திருக்கலாம். அலாஸ்கா, ஹவாய் தவிர மற்ற இடங்களில், பெரிய அல்லது நடுத்தர விமான நிலையத்திலிருந்து ரோட்டில் 70 மைலுக்குள் இருக்கும் ஊருக்கு மானியம் கிடையாது. 70 மைல் என்றால் சுமார் 112 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட் ஏறக்குறைய 60. அவன் விதிப்படி நீங்கள் பட்டியலிலேயே வரமாட்டீர்கள்.

குடமுருட்டி:
மைல் கணக்கு எனக்கு வேண்டாம். மைலை நிமிடமாக மாற்றும்போதுதான் திருச்சிக்காரர்கள் கை வைக்கிறார்கள். மணி சாருக்கு இது பழைய வழக்கம். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு விவாதத்தில் என்ன செய்தார் என்று இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும்.

பேராவூரணித் தென்னை:
2018 நவம்பர் 16 கஜா அடித்தபோது எங்கள் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்தது. ரோடெல்லாம் மரம். அந்த நேரத்தில் வானத்தில்தான் வழி. அதைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். டிக்கெட் எடுத்துப் போகிறவன் கணக்கு மட்டும்தான் கணக்கா?

மலைக்கோட்டை மணி:
தம்பி, நிவாரணத்துக்கு ஹெலிகாப்டர் போதும். இருக்கிற விமானப்படைத் தளமும் போதும். அதற்குப் பயணிகள் முனையம் எதற்கு?

நாகை உப்பு:
காரைக்காலை ஏன் விட்டுவிட்டீர்கள்? மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்த புது விமான நிலையப் பட்டியலில் காரைக்காலும் உண்டு. வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு மூன்றுக்கும் அதுதான் பக்கம். எங்களிடம் நிமிடக் கணக்கு கேட்டால் நாங்கள் மணிக்கணக்கு சொல்லுவோம்.

மன்னைக்காரன்:
காரைக்கால் என்றால் புதிதாக நிலம் வேண்டும். வயலைத் தொட்டீர்கள் என்றால் தெரியும் சேதி. 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டது எதற்கு?

நாகை உப்பு:
காரைக்கால் புதுச்சேரியில் இருக்கிறது. உங்கள் சட்டம் அங்கே எப்படி வரும்? முதலில் வரைபடத்தைப் பாருங்கள்.

மன்னைக்காரன்:
பயிருக்குத் தண்ணீர் போவது வரைபடம் பார்த்தா போகிறது?

குடமுருட்டி:
எல்லாரும் எங்கெங்கோ போகிறீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி. இரவு உழவன் ரயிலில் படுத்தால் விடியும்முன் சென்னை. அதை விட்டுவிட்டு விமானத்தில் போகிறவன் நேரத்துக்குத்தானே காசு கொடுக்கிறான்? அந்த நேரத்தில் திருச்சி போக எவ்வளவு என்பதுதானே முழு வழக்கும்? நாலு பேர் பதில் போட்டும் ஒருவர்கூட 45ஐ நிரூபிக்கவில்லை.

மலைக்கோட்டை மணி:
ஜூன் 12 விவாதத்தை இழுத்தது நீங்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு மூன்றே நாளில் வரும் என்றேன். 2022ல் மே 24 திறந்தார்கள், மே 27 கல்லணையும் திறந்தது. எண்ணிப் பாருங்கள்.

குடமுருட்டி:
2023ல் ஜூன் 12 மேட்டூர், ஜூன் 16 கல்லணை. நாலு நாள். உங்களுக்கு வசதியான வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள்.

மலைக்கோட்டை மணி:
அந்த வருடம் ஆற்றில் மணல் எவ்வளவு காய்ந்து கிடந்தது என்று தெரியுமா? வறண்ட ஆறு முதலில் குடிக்கும், அப்புறம்தான் விடும்.

மன்னைக்காரன்:
கல்லணைக்கு மூன்றோ நாலோ, எங்கள் கடைமடைக்கு எத்தனை நாள் என்று இரண்டு பேரில் ஒருவர் சொல்லுங்கள் பார்ப்போம்.

குடமுருட்டி:
அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள். இங்கே மணி சார் பதில் சொல்லட்டும்.