பைக் பயணத்துக்கு ஜிபிஎஸ்ஸில் ரூட் போடப் பழகியது

பைக்குக்கென்று ஜிபிஎஸ் கருவி வாங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். கம்ப்யூட்டரில் நாம் பார்த்துப் பார்த்து வரைந்த கோட்டைக் கருவி எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கோட்டில் நாம் வைத்த புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு எந்தச் சாலையில் போவது என்று, தன்னிடம் இருக்கும் மேப்பையும் செட்டிங்கையும் வைத்து அதுவே புதிதாகக் கணக்குப் போடுகிறது. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் மெல்லப் பிடிபடும். பதியாதவரை, கருவி ஏன் இப்படிச் சொல்கிறது என்று ஒவ்வொரு பிரிவிலும் வண்டியை ஓரங்கட்டி யோசிக்க வேண்டியிருக்கும்.

எனக்கு இது கண்ணெதிரே விளங்கியது ஒரு மலைப்பயணத்தில். நானும் நண்பர் ஒருவரும் ஒரே ஃபைலை ஆளுக்கொரு கருவியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தோம். அடிவாரத்தில் சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் என் கருவி இடதுபக்கம் திரும்பச் சொன்னது, அவருடையது நேராகப் போகச் சொன்னது. வண்டிகளை நிறுத்திவிட்டு இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். புறப்பட்ட இடம் ஒன்று, சேரும் இடம் ஒன்று, வழியில் இருந்த புள்ளிகளும் அதேதான். ஆனால் என் கோடு மலையைச் சுற்றி ஏறும் பழைய சாலையில் போனது, அவர் கோடு மலையைக் குடைந்து போகும் நெடுஞ்சாலையில் போனது. என்னுடையதில் வளைவான சாலைகளைத் தேடும் செட்டிங் இருந்தது, அவருடையதில் சீக்கிரம் போகும் வழி. அடிவாரத்துக்கும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு புள்ளிகூட இல்லாததால் இரண்டுமே சரியான பதில்தான். நண்பர் அங்கேயே செட்டிங்கை மாற்றினார். கருவி சில வினாடி கணக்குப் போட்டது, கோடு நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலைக்குத் தாவியது. அந்தத் தாவலைப் பார்த்த பிறகு, ரூட் போடும் வேலையை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஃபைலைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பார்த்தேன். நீங்களும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஜிபிஎஸ் கருவிகளுக்கான வழியை எழுதிவைக்கும் ஜிபிஎக்ஸ் என்பது யாரும் படிக்கக்கூடிய எழுத்து ஃபைல்தான். இப்போது எல்லோரும் பயன்படுத்தும் 1.1 பதிப்பு 2004இல் வந்தது. அதற்குள் மூன்று வகைத் தகவல் இருக்கலாம். தனித்தனி இடங்களைக் குறிக்கும் வே பாயின்ட், வரிசையாகப் போக வேண்டிய புள்ளிகளைச் சொல்லும் ரூட், சாலையின் வளைவு நெளிவையெல்லாம் அடுத்தடுத்த புள்ளிகளாகப் பதிந்துவைத்த டிராக். எங்கள் ஃபைலில் ரூட் பகுதி கண்ணுக்கு அடங்கும் சில வரிகள்தான். அதே வழிக்கான டிராக்கை எடுத்துப் பார்த்தால் திரையை உருட்டி மாளவில்லை, அத்தனை புள்ளிகள். ரூட்டைக் கருவி தன் போக்கில் மாற்றிக் கணக்கிடும். டிராக்கை மாற்றாது, உள்ளபடியே காட்டும். பழைய கருவிகள் பல, டிராக்கை வெறும் கோடாகத்தான் காட்டும், 'அடுத்த வலதில் திரும்பு' என்று சொல்லாது. இரண்டுக்கும் அதனதன் பயன் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, புள்ளி வைப்பது எப்படி? தையல்காரர் துணியை வெட்டும்முன் எங்கே நழுவுமோ அங்கே குண்டூசி குத்துகிறாரே, அதுதான் இங்கேயும் கணக்கு. கருவி எந்த இடத்தில் வேறு சாலைக்கு நழுவக்கூடும் என்று பார்த்து அங்கே ஒரு புள்ளி. எனக்குப் பிடித்த சாலை ஒன்று இருக்கிறது, அதற்குப் போட்டியாக வேகமான சாலை ஒன்றும் இருக்கிறது என்றால், பிடித்த சாலையின் நடுப்பகுதியில் ஒரு புள்ளி வைத்தால் போதும். இரண்டு சாலைகளும் சேரும் ஊரில் வைத்தால் பயனில்லை, எந்தப் பக்கம் போனாலும் அந்தப் புள்ளியைத் தொட்டுவிடலாம். சாலைச் சந்திப்பின் மேலேயே வைப்பதும் நல்லதல்ல. சந்திப்பைத் தாண்டி, நாம் போகப்போகும் சாலையில் கொஞ்ச தூரம் தள்ளி வைக்க வேண்டும்.

வைக்கும்போது மேப்பை நன்றாகப் பெரிதாக்கிக்கொள்வது மிக முக்கியம். சிறிதாக வைத்துக்கொண்டு பார்த்தால் புள்ளி சாலையில் இருப்பதுபோலவே தெரியும். பெரிதாக்கினால்தான் அது பக்கத்தில் இருக்கும் குறுக்குச் சந்தில் உட்கார்ந்திருப்பது தெரியும். நடுவில் தடுப்பு உள்ள நெடுஞ்சாலையில் இது இன்னும் மோசம். போக்கும் வரத்தும் மேப்பில் தனித்தனிக் கோடுகள். புள்ளி எதிர்ப்பக்கத்தில் விழுந்துவிட்டால், கருவி உங்களை அடுத்த திருப்பம்வரை கூட்டிப்போய், யூ-டர்ன் அடிக்கவைத்து, எதிர்ப்பக்கம் கொண்டுவந்து புள்ளியைத் தொடவைத்து, மறுபடியும் ஒரு யூ-டர்ன் அடிக்கச் சொல்லும். அதன் பார்வையில் அது சரிதான். நாம் தொடச் சொன்ன புள்ளி அங்கே இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது எளிமையான ஒரு வேலை. ரூட்டைப் போட்டு முடித்ததும், கோட்டின் மேலேயே விரலை வைத்ததுபோல் முதலிலிருந்து கடைசிவரை பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போவேன். எங்காவது கோட்டிலிருந்து சின்ன வால் ஒன்று பக்கவாட்டில் நீண்டு, அங்கேயே திரும்பி வந்தால் அங்கே ஒரு புள்ளி இடம் மாறி இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் புள்ளியை இழுத்துச் சாலையின் நடுவில் போட்டால் வால் மறைந்துவிடும். ஒவ்வொரு ரூட்டிலும் இந்த வால்களைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாவது அகப்படும்.

புள்ளிகளிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிற்கும் இடம். அதை அடையும்போது கருவி அறிவிக்கும், அடையாமல் விடாது. இன்னொன்று, வழியை வளைத்துப் பிடிப்பதற்காக மட்டும் வைப்பது. கார்மின் நிறுவனத்தின் கருவிகளில் இதை ஷேப்பிங் பாயின்ட் என்பார்கள். கடக்கும்போது சத்தமே வராது. சாப்பிட நிற்கும் இடம், பெட்ரோல் போடும் இடம், இரவு தங்கும் இடம், இவை மட்டும் முதல் வகை. மற்றதெல்லாம் இரண்டாம் வகையாக இருப்பதே நிம்மதி. எல்லாவற்றையும் முதல் வகையாக விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கூட்டுப்பயணத்தில் பார்த்தேன். மண் சரிந்து சாலையை மூடியிருந்தார்கள். மாற்றுப்பாதையில் எல்லோரும் போய்க்கொண்டிருந்தோம். ஒருவருடைய கருவி மட்டும் விடாமல் அவரைத் திரும்பி வரச் சொன்னது. மூடிய பகுதிக்குள் இருந்த புள்ளியைத் தொடாமல் அடுத்ததற்குப் போக அது தயாராக இல்லை. அந்தப் புள்ளியைத் தாண்டிப்போக 'ஸ்கிப்' என்று ஒரு பட்டன் இருப்பதைத் தேடி எடுத்து அழுத்திய பிறகுதான் அது அடங்கியது. அந்தப் பட்டன் உங்கள் கருவியில் எங்கே இருக்கிறது என்று கிளம்பும்முன்பே பார்த்துவைத்துவிடுங்கள். மழையில், கையுறையோடு, லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலையோரத்தில் அதைத் தேடுவது மிகவும் கஷ்டம்.

பாதை தவறினால் மறுபடி கணக்கிடும் செட்டிங்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தானாகவே கணக்கிடு, கேட்டுவிட்டுக் கணக்கிடு, கணக்கிடவே வேண்டாம் என்று மூன்று நிலைகள் பல கருவிகளில் உண்டு. நான் கேட்கச் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். டீ குடிக்க ஓரமாக இறங்கினாலே ரூட்டை மாற்றி எழுதிவிடும் கருவி, போட்ட உழைப்பை வீணாக்கிவிடும். முழுவதும் நிறுத்திவைத்தால், உண்மையிலேயே வழி தவறிய நேரத்தில் உதவிக்கு வராது.

ரூட்டைத் திறந்ததும் சில கருவிகள் 'அடுத்து எந்த இடம்?' என்று கேட்கும். இது சின்னக் கேள்வியாகத் தோன்றும். நண்பர்களோடு சந்திக்கும் இடத்தை ரூட்டின் தொடக்கமாக வைத்திருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் வேறு வழியாக வந்து நடுவில் சேர்ந்துகொள்கிறீர்கள் என்று வையுங்கள். அப்போது தொடக்கப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தால், வந்த வழியே திரும்பி அங்கே போகத்தான் கருவி வழிகாட்டும். உங்களுக்கு முன்னால் இருக்கும் புள்ளி எதுவோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் புள்ளிகளுக்குப் புரிகிற மாதிரிப் பெயர் வைப்பது நல்லது. எண்கள் மட்டும் வரிசையாக நின்றால் எது முன்னால், எது பின்னால் என்று அவசரத்தில் தெரியாது.

அப்புறம், எண்களைக் கையால் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று. முகாம் போடும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை நண்பர் ஒருவர் குறுஞ்செய்தியில் அனுப்பியிருந்தார். பாகை (டிகிரி), கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்ற முறையில் எழுதியிருந்தார். 12 பாகை 30 கலை என்பது தசமத்தில் 12.5. அதை 12.30 என்று அடித்தால் 0.2 பாகை வித்தியாசம். ஒரு பாகை அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்பதால், அது வடக்கு தெற்காக 22 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இன்னொரு இடம். கருவியில் எந்த முறையில் எண்களை உள்ளிட வேண்டும் என்று செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். அனுப்பியவர் எந்த முறையில் அனுப்பினாரோ அந்த முறைக்கு மாற்றி உள்ளிட்டு, வந்த இடத்தை மேப்பில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

இப்போது டிராக்குக்கு வருகிறேன். நான் கற்றுக்கொண்டதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ரூட்டைப் போட்டு முடித்ததும் அதே வழியை டிராக்காகவும் சேமித்து, இரண்டையும் கருவியில் ஏற்றுவேன். டிராக்கை மேப்பில் பளிச்சென்று தெரிகிற வேறு நிறத்தில் காட்டச் சொல்லிவிடுவேன். ஓட்டும்போது ரூட் கோடு டிராக்கின் மேலேயே போகும். எங்காவது ரூட் ஒரு பக்கமும் டிராக் இன்னொரு பக்கமும் பிரிந்தால், கருவி தன் போக்கில் வேறு வழி எடுத்துவிட்டது என்று அந்த நொடியே தெரிந்துவிடும். அப்போது டிராக்கைப் பார்த்து ஓட்டினால் போதும், அடுத்த புள்ளிக்கு அருகில் ரூட் மறுபடி வந்து சேர்ந்துகொள்ளும். கூட்டாகப் போகும்போதும் எல்லோருக்கும் ரூட்டோடு டிராக்கையும் சேர்த்தே அனுப்புகிறேன். ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு மேப் பதிப்பு என்று இருந்தாலும் டிராக் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் தெரியும். அடிவாரத்தில் நின்று திரைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இல்லை.

போன் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மேப்பை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டால் போனும் டேட்டா இல்லாமல் வழிகாட்டும், ஜிபிஎஸ் சிக்னலுக்கு மொபைல் நெட்வொர்க் தேவையில்லை. வளைவுச் சாலைகளுக்கென்றே செய்த கர்விகர், கலிமோட்டோ போன்ற செயலிகளும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் சக்திவாய்ந்த பைக் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. கேமராவில் படத்தை நிலைப்படுத்தும் நுண்ணிய பாகங்கள்தான் காரணம். அதிர்வைத் தாங்கும் ஹோல்டர் இல்லாமல் ஹேண்டில்பாரில் போனை மாட்ட எனக்கு மனம் வராது. மழைத்துளி பட்டாலே போன் திரை தானாகத் தொடப்பட்டதுபோல் நடந்துகொள்ளும், உச்சி வெயிலில் சூடேறி மங்கிவிடும். பைக் கருவிகளைக் கையுறையோடு தொடும்படியாகவும், மழைக்குத் தாங்கும்படியாகவும் செய்கிறார்கள். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். ரூட்டைப் போனிலோ கம்ப்யூட்டரிலோ போட்டு, ஓட்டும்போது கருவியைப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாக வருகிறது.

கிளம்பியதும் 'செயற்கைக்கோளைத் தேடுகிறது' என்று கருவி காட்டினால் பொறுமையாக இருங்கள். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால்தான் இடம் சரியாகத் தெரியும். ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தை 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. நடுவில் ஒரு கட்டடம் மறைத்தால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். கருவியைக் கூரைக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ் வைத்து, ஆன் செய்துவிட்டுக் கையுறை போட்டு, ஹெல்மெட் பட்டையை மாட்டுவதற்குள் இடம் கிடைத்திருக்கும்.

நேரக் கணக்கில் கருவியை முழுதாக நம்ப வேண்டாம். சாலையின் வகையைப் பார்த்து ஒரு சராசரி வேகத்தை அது வைத்துக்கொள்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வேகம் வராது, படம் எடுக்க நிற்பதும் கணக்கில் இல்லை. அதனால் ஒரு நாள் வழியை மதியம் நிற்கும் இடத்தோடு வெட்டி, காலைக்கு ஒரு ரூட், மாலைக்கு ஒரு ரூட் என்று வைத்துக்கொள்கிறேன். காலை நீண்டுவிட்டால் மாலை ரூட்டைத் தொடாமல் விட்டுவிட்டு, தங்கும் இடத்துக்கு நேராக வழிகேட்டுவிடலாம். ரூட் சிறியதாக இருந்தால் கருவி கணக்கிடவும் குறைந்த நேரமே எடுக்கிறது.

பழக நினைப்பவர்கள் நன்றாகத் தெரிந்த சாலைகளிலேயே தொடங்குங்கள். கருவி தானாகத் தேர்ந்தெடுக்காத ஒரு வழியை வேண்டுமென்றே எடுத்து, எத்தனை குறைவான புள்ளிகளில் அதை அந்த வழிக்குக் கொண்டுவர முடிகிறது என்று பாருங்கள். விரைவான வழி, குறைந்த தூரம், வளைவுச் சாலை என்று செட்டிங்கை மாற்றி மாற்றி மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். மூன்றிலும் கோடு அசையாமல் ஒரே சாலையில் நின்றால் புள்ளிகள் சரியாக விழுந்திருக்கின்றன, அந்த ஃபைலை எந்தக் கருவிக்கும் தைரியமாக அனுப்பலாம்.