அறக்கட்டளைக்கு வெளி ஆடிட்டர்: யாரை வைப்பது, என்ன கேட்பது?

கேள்வி

வணக்கம். கும்பகோணம் பக்கம் முதியோர் இல்லம் நடத்தும் சிறிய அறக்கட்டளை. 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவு உண்டு. வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இல்லை. ஆண்டு வரவு 38 லட்சம். நிர்வாக அறங்காவலரின் மருமகன் (மகளின் கணவர்) சி.ஏ., அதாவது பட்டயக் கணக்காளர். அவரே கணக்கெழுதி, ஆடிட் கையெழுத்தும் போட்டுத் தருகிறார், பணம் வாங்குவதில்லை. இப்போது சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி தர முன்வந்த கம்பெனி, சம்பந்தமில்லாத ஆடிட்டரின் அறிக்கை வேண்டும் என்கிறது. எப்படித் தேடுவது, கட்டணம் எப்படிப் பேசுவது, எதைத் தயாராக வைப்பது?

பதில் 1

கம்பெனி கேட்காவிட்டாலும் ஆளை மாற்றியே ஆக வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 288ஆம் பிரிவு விளக்கப்படி, அறங்காவலரின் உறவினர் அந்த அறக்கட்டளைக்குத் தணிக்கை அறிக்கை தர முடியாது. மகளின் கணவரும் அந்த உறவுப் பட்டியலில் வருகிறார். பணம் வாங்கவில்லை என்பது காரணமாகாது. கணக்கெழுதியவரே அதைத் தணிக்கை செய்வதும் சி.ஏ. நெறிமுறைக்கு ஒவ்வாது. அவர் கணக்கெழுதித் தரட்டும், கையெழுத்து வேறொருவர் போடட்டும்.

முதலில் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: ஆடிட்டரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்று அதில் இருக்கும். பிறகு கூட்டம் போட்டு, ஆடிட்டரின் பெயர், சி.ஏ. உறுப்பினர் எண், நிதியாண்டு, கட்டணம் நான்கும் வரும்படி மினிட் புத்தகத்தில் தீர்மானம் எழுதுங்கள். புதியவர் பழையவருக்குக் கடிதம் எழுதிக் கேட்பார். 1949ஆம் ஆண்டு சி.ஏ. சட்டப்படி அது கட்டாயம், யாரும் சந்தேகப்படுவதாக நினைக்க வேண்டாம். மருமகனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனக்கசப்பும் இல்லை, தாமதமும் இல்லை.

கட்டணத்தை வரவில் இத்தனை சதவீதம் என்று பேசவே கூடாது. அது அவர்களுக்கு விதிமீறல். ஆடிட், 10பிபி படிவம் (தணிக்கை அறிக்கை), ஐடிஆர்-7 (அறக்கட்டளையின் வருமானவரிக் கணக்கு) மூன்றுக்கும் தனித்தனித் தொகை எழுதி வாங்குங்கள். ரொம்பக் குறைவாகச் சொன்னால், அலுவலகத்துக்கு எத்தனை நாள் ஆள் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். ஒரு நாள்கூட இல்லை என்றால் அது வெறும் கையெழுத்து. அறிக்கை கைக்கு வந்ததும் அதிலுள்ள 18 இலக்க யுடிஐஎன் எண்ணை (ஒவ்வொரு அறிக்கைக்கும் சி.ஏ. எடுக்கும் அடையாள எண்) சி.ஏ. இன்ஸ்டிடியூட் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

பதில் 2

தயாரிப்பில் பெரும்பாலும் இடிப்பது ரசீதுப் புத்தகம்தான். வரிசை எண் விட்டுப் போகக் கூடாது. கேன்சல் செய்த ரசீதைக் கிழித்தெறியாதீர்கள். எல்லாப் பிரதிகளையும் சேர்த்துப் பின் அடித்து, குறுக்கே கோடு போட்டுப் புத்தகத்திலேயே வையுங்கள். ரசீது மொத்தமும் மே 31க்குள் வருமானவரித் துறைக்குப் போடும் 10பிடி என்ற நன்கொடையாளர் பட்டியலும் பொருந்தவில்லை என்றால் ஆடிட்டர் அங்கேயே நின்றுவிடுவார்.

அடுத்தது ரொக்கம். அரிசிக்கடைக்கு ஒரே நாளில் 14,000 ரூபாயைக் கையில் கொடுத்தால், பில் இருந்தாலும் அந்தச் செலவை அறச்செலவாக ஏற்க மாட்டார்கள். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 வரைதான் ரொக்கம், அதற்கு மேல் வங்கி வழியே. வரவில் 85 சதவீதத்தை அறச்செலவு செய்ய வேண்டும் என்ற கணக்கை ஏற்கெனவே எட்ட முடியாமல் தவிக்கும் அறக்கட்டளைக்கு இது பெரிய அடி. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்காமல் கொடுத்த காண்ட்ராக்டர் பில்லிலும் 30 சதவீதம் கழிந்துவிடும்.

மூலதன நிதி என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு நன்கொடைக்கும், அதற்கென்றே தருவதாகக் கொடுத்தவர் எழுதிய கடிதம் தேடி வையுங்கள். பொருளாக வந்த அரிசி, போர்வைக்கு இருப்புப் பதிவேடு வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் மாதம் 5,000 அனுப்புகிறார். அது சிக்கலா?

பதில் 2

அவர் கையில் எந்த பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது; பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர்) அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவில்லாமல் வாங்கக் கூடாது. அப்படி ஏற்கெனவே வாங்கியிருந்தால் புதிய ஆடிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பதில் 3

தணிக்கை அறிக்கைப் படிவத்திலும் கவனம் தேவை. வரவு 5 கோடிக்கு மேல், அல்லது வெளிநாட்டு நன்கொடை, அல்லது வெளிநாட்டில் செலவு என்றால் 10பி, மற்றவர்களுக்கு 10பிபி. 2023-24 மதிப்பீட்டு ஆண்டில் பலர் இதை மாற்றிப் போட்டு, 2024 மார்ச் வரை அவகாசம் தர வேண்டியதாயிற்று.

கெடு செப்டம்பர் 30. ஆடிட்டர் பதிவேற்றினால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அறக்கட்டளையின் லாகினில் நுழைந்து அந்தப் படிவத்தை நீங்கள் ஏற்க வேண்டும். ஏற்கும் வரை தாக்கல் ஆனதாகக் கணக்கில்லை. நிர்வாக அறங்காவலரின் டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாகி, கடைசி நாளில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. ஆகஸ்டிலேயே அதைச் சோதித்துவிடுங்கள். 2026-27 கணக்கு முதல் புதிய வருமானவரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.