பழைய அமிகா படங்களை பிஎன்ஜி ஆக்குவது எப்படி?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த லண்டன் சித்தப்பா, தன் அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கணினியில் அந்தக் காலத்தில் வரைந்த படங்களை யூஎஸ்பியில் தந்தார். சாதாரண பிளொப்பி டிரைவ் அந்த டிஸ்க்குகளை வாசிக்காது என்பதால் அங்கேயே ஏற்றிவிட்டாராம்.

எல்லாம் அமிகாவில் படங்களைச் சேமிக்கப் பயன்பட்ட ஐஎஃப்எஃப் வகைக் கோப்புகள். 16 நிறப் படங்கள் உடனே மாறிவிட்டன. 4096 நிறம் காட்டும் 'ஹாம்' படங்கள்தான் சிக்கல். கோயில் கோபுரத்தின் ஓரமெல்லாம் பச்சையும் ஊதாவுமாகக் கோடு கோடாக இழுபடுகிறது. ஹாமில் பல புள்ளிகள் இடப்பக்கப் புள்ளியின் நிறத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே மாற்றும். அதனால் கொஞ்சம் கசிவது இயல்புதான், ஆனால் இவ்வளவா?

என்னுடையது விண்டோஸ் 7. இதில் ஓடக்கூடிய இலவச மென்பொருள் தெரிந்தால் சொல்லுங்கோ. பக்கத்துக் கடையில் கேட்டேன், "படத்தைக் கொண்டு வாங்கோ, ஸ்கேன் பண்ணலாம்" என்கிறார்கள்!